திருகோணமலை இளைஞரின் ஓவியப் பயிற்சி: சில சிந்தனைகள்

விமர்சனம் என்றதும் கவிதை, சிறுகதை, நாவல் ஆகிய மூன்றோடு நின்றுவிடுவது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். நாடகத்திற்குச் சில வேளை இடமளிப்போம். ஓவியமோ நம் ஏடுகளில் அட்டைப் படத்தோடு முடிந்துவிடுகிறது. அதிலும், பாடசாலை விட்டு வந்த பின்னரும் வேலை முடிந்த இரவுகளிலும் தமக்குத் தாமே படம் கீறிப் பழகும் இளைஞரைப் பற்றி எழுதப் புகுந்தால், இது என்ன வீண் வேலை என்று கேட்போரே அதிகம். ஆசிரிய நண்பர் ஒருவர் நம்மிடம் நேராகவே கேட்டார்: 'அவர்கள் கைத்தொலைபேசியில் விளையாடுகிறார்கள், அதற்கு ஒரு கட்டுரையா?' அவர் கேள்விக்கு விடை கூறும் முயற்சியாகவும் வாசகர் இதனைக் கொள்ளலாம்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில், உவர்மலையிலும் திருக்கடலூரிலும் சீனக்குடாவிலும் குடாவுக்கு அப்பால் கிண்ணியாவிலும் மூதூரிலும், இவ்வாறு பயில்வோர் கணிசமாக உள்ளனர். ஓவியக் கல்லூரியின் வாசலை மிதியாதவர்கள், பலர் க.பொ.த. சாதாரண தரத்துடன் சித்திர பாடத்தைக் கைவிட்டவர்கள். சிலர் சித்திரக் கொப்பியிலும் பென்சிலிலும் பயில்கின்றனர். பெரும்பாலோர் விரல் நுனியாலோ மலிவான எழுதுகோலாலோ தொலைபேசித் திரையிலேயே கீறி வண்ணம் தீட்டுகின்றனர். அவர்கள் நம்மிடம் காட்டிய படங்களில் கைத்திறனுக்குக் குறைவில்லை. ஒரு நடிகரின் தாடியை மயிர் மயிராகக் கீறியிருந்தார் ஓர் இளைஞர். ஜப்பானியச் சித்திரக் கதை வீரர்களின் கண்ணில் விழும் ஒளியை அச்சொட்டாகத் தீட்டியிருந்தார் மற்றொருவர். ஆனால் துறைமுகம் எங்கே என்று தேடினோம். இரண்டொரு படங்களில் அது இருந்தது. அங்கேயும் அது உல்லாசப் பயணிகளுக்காக அச்சிட்ட விளம்பரத் தாளில் உள்ள துறைமுகம்தான். சுவாமிமலை, ஒரு மான், நீலக் கடல், அத்தமிக்கும் சூரியன். அந்தக் கடலில் உழைக்கும் மனிதர் ஒருவரையும் காணோம்.

இதற்குக் கருவியைக் குற்றஞ்சாட்டும் போக்கு ஆசிரியர் சிலரிடம் உண்டு. 'திரையில் கீறுவது ஓவியமாகுமா?' என்கின்றனர். இது ஏழை மாணவரின் நிலையை அறியாதவர்களின் வாதம். நல்ல கடதாசி, தூரிகை, நீர்வண்ணம் ஆகியவற்றின் விலை ஒரு மீன்பிடித் தொழிலாளியின் வீட்டுக்கு எட்டக்கூடியதன்று. அந்நியச் செலாவணி வறண்டுபோன 2022 ஆம் ஆண்டில், அச்சிடக் கடதாசியில்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைக்க வேண்டியதாயிற்று என்பதை நாம் மறக்கவில்லை. வீட்டில் எப்படியோ வந்து சேர்ந்த தொலைபேசியில், காசு செலவின்றி ஆயிரம் தடவை கீறி அழிக்கலாம் என்பது சிறிய விடுதலையன்று. உலகின் பல நாடுகளிலுள்ள நிரலாளர்களும் ஓவியர்களும் கூடி வளர்த்து, எவரும் இலவசமாகக் கணினியில் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கும் 'கிரிட்டா' போன்ற செயலிகள், கூட்டுழைப்பின் பேறுகள் என்றே நாம் கருதுகிறோம். 1943 ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் வீதியில் விழுந்து மடிந்தோரை மலிவான கடதாசியில் மையால் கீறினார் ஜைனுல் ஆபிதீன். அக்காலத்திலேயே சித்தபிரசாத் கிராமம் கிராமமாகச் சென்று தீட்டி வெளியிட்ட பஞ்சச் சித்திரங்களை ஆங்கில அரசு பறிமுதல் செய்து அழித்தது. அவ்வரசு அஞ்சியது தாளின் தரத்தைக் கண்டன்று.

எனவே பிரச்சினை கருவியில் இல்லை. பயிற்சி எதன்மேல் நடைபெறுகிறது என்பதில் இருக்கிறது. திரையில் கீறும் முறை சில சலுகைகளைத் தருகிறது. அடியில் ஒரு புகைப்படத்தை வைத்து, அதன்மேல் வேறோர் அடுக்கில் கோடுகளைத் தடம்பிடிக்கலாம். புகைப்படத்தில் ஓரிடத்தைத் தொட்டால் அங்குள்ள நிறம் அப்படியே தூரிகைக்கு வந்துவிடும். நடுங்கும் கோட்டைச் செயலியே நேராக்கும். பிழைத்தால் ஒரு தட்டில் பழைய நிலைக்குத் திரும்பலாம். இவை பாவச் செயல்கள் அல்ல. ஆனால் இவற்றில் ஒவ்வொன்றும், கண் செய்ய வேண்டிய ஒரு தீர்மானத்தைக் கண்ணிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. நண்பகலில் உட்துறைமுகத்து நீர் நீலமாக இருப்பதில்லை. வெள்ளிக்கும் சாம்பலுக்கும் இடையே கூசும் ஒரு நிறம் அது. தொலைபேசியின் படக்கருவியோ அதை நீலமாக்கித் தருகிறது. அந்த நீலத்தைத் தொட்டெடுத்துத் தீட்டுபவர், தம் வீட்டு வாசலில் கிடக்கும் கடலை ஒருமுறைகூடப் பாராமலே தீட்டிவிடுகிறார். கை தேறுகிறது; கண் தேறவில்லை. இப்பொழுது சொல்லைக் கொடுத்தால் படத்தைத் தரும் இயந்திரங்களும் வந்துவிட்டன. பிறர் படத்தைப் பிரதி செய்வதோடு நின்றுவிட்ட பயிற்சிக்கு அவை போட்டியாக முளைத்ததில் வியப்பில்லை.

இத்துறைமுகத்தை ஊன்றிப் பார்த்துக் கீறியவர்கள் இல்லாமலில்லை. அவர்கள் யார் என்பதே நம் கவனத்துக்குரியது. 1782 ஆம் ஆண்டு ஒன்றிலேயே திருகோணமலை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரிடமும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரரிடமும் கைமாறியது. 1795 இல் மீண்டும் ஆங்கிலேயர் பிடித்தனர். இத்தகைய துறைமுகங்களைப் பிடிக்க வந்த படைகளில் சித்திரம் ஒரு போர்க்கலை. இங்கிலாந்தின் வூலிச் இராணுவக் கல்விக்கூடத்தில் போல் சாண்ட்பி என்னும் நிலக்காட்சி ஓவியர் 1768 முதல் தலைமைச் சித்திர ஆசிரியராக இருந்து படைமாணவர்க்குக் கற்பித்தார். கரையின் வளைவு, குன்றின் உயரம், கப்பல் நங்கூரமிடத்தக்க இடம் ஆகியவற்றைப் பிழையின்றிக் கீறுவது அவர்களுக்கு வாழ்வா சாவா என்ற விஷயம். சாமுவேல் டேனியல் 1808 இல் வெளியிட்ட இலங்கைக் காட்சித் தொகுதியிலும் இத்துறைமுகம் உண்டு. படைப்பயிற்சி பெறாத கலைஞரேயாயினும், அவரது கண்ணும் உயரத்திலிருந்து அமைதியாகப் பார்க்கும் ஆட்சியாளரின் கண்ணுக்கு அந்நியமானதன்று. அந்தச் சித்திரங்களின் நேர்த்தியை நாம் மறுக்கவில்லை. தேவை இருந்தது, ஆகவே பார்த்தார்கள், ஆகவே தேறினார்கள்.

கரையிலிருந்து பார்ப்பவனுக்கு அந்த வாய்ப்பு எளிதாகக் கிட்டவில்லை. 1957 இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்த பின்னரும் துறைமுகத்தின் பெரும் பகுதி கடற்படையின் வேலிக்குள்ளேயே இருந்தது, இன்றும் இருக்கிறது. யுத்த காலத்தில் வேலியோரம் நின்று பென்சிலும் தாளுமாகப் படம் கீற ஒரு தமிழ் இளைஞன் எத்தனை துணிவுடையவனாக இருக்க வேண்டும்! 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை கடற்கரையில் கூடியிருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யாத ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட ஊர் இது. தம் கடலை ஏறிட்டு நோக்குவதே ஆபத்தென்று ஒரு தலைமுறை பழகியது. இளைஞர் அறைக்குள் அமர்ந்து அந்நிய வீரர்களைத் தீட்டுவதை ரசனைக் குறைவு என்று கண்டிக்கும் நண்பர்கள் இதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

முன்னோடிகளும் நமக்கு இல்லாமலில்லை. இலங்கையில் சித்திரக் கல்வியை மாற்றியமைக்க முயன்ற வித்தியாதிகாரி சி. எப். வின்ஸரின் பெயரால், எஸ். ஆர். கனகசபை 1938 இல் யாழ்ப்பாணத்தில் ஓவியக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். சித்திர ஆசிரியர்கள் கூடிக் கீறிப் பழகிய இடம் அது. பின்னர் அ. மாற்கு, தாம் தீட்டுவதோடு நில்லாமல் பல தலைமுறை மாணவரைக் கீறப் பழக்கினார். 1995 இடப்பெயர்வில் அவர் தம் படைப்புகளில் பெரும்பாலானவற்றை இழந்தார். 2000 இல் மறைந்தார். கிழக்கில் இவர்களைப் போன்ற ஒரு வட்டம் துறைமுக நகரில் வேரூன்றியிருந்தால் இக்கட்டுரைக்கு அவசியமே இராது.

இனி நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். தொழிலாளியைக் கீறிவிட்டால் அது முற்போக்கு ஓவியம் என்று நம்மில் பலர் நீண்ட காலம் நம்பினோம். உயர்த்திய முஷ்டி, உடைந்த சங்கிலி, பின்னால் செஞ்சூரியன். முஷ்டி மணிக்கட்டோடு பொருந்தாமல் இருந்தாலும் கைதட்டினோம். அது அந்த இளைஞருக்கும் தொழிலாளிக்கும் செய்த துரோகம்.

மூதூர்ப் பக்கத்து மாணவி ஒருவர் திரையில் தீட்டிய கரைவலைப் படத்தை இதற்கு எடுத்துக்கொள்வோம். கருப்பொருள் நம் மனத்துக்கு உகந்தது. எட்டுப் பேர் கயிற்றை இழுக்கின்றனர். ஆனால் கயிறு தொய்ந்து கிடக்கிறது; இழுப்பவர்கள் நிமிர்ந்து நிற்கின்றனர்; எல்லோருடைய முழங்கையும் ஒரே கோணம். கடலில் அரைவட்டமாகக் கிடக்கும் வலையின் மடியில் மீனும் நீருமாக எவ்வளவு பாரம் இருக்கும் என்பதற்கு அந்த உடல்களில் அடையாளமில்லை. நோகாமல் வலை இழுக்கும் மனிதரை அப்படம் காட்டுகிறது. உழைப்பைப் பற்றி இதனினும் பெரிய பொய் வேறென்ன? கோட்டின் பிழை இங்கே வெறும் கைத்திறன் குறையன்று, கருத்துப் பிழை. படத்தின் உருவம் பொய்த்தால் உள்ளடக்கமும் பொய்த்துவிடுகிறது.

இதனால் உடற்கூறு தவறாத படமே உண்மையான படம் என்று நாம் சொன்னதாக எவரும் கொள்ளலாகாது. வான் கோ 27 வயதில், 1880 இல்தான் ஓவியனாவதென்று முடிவு செய்தார். ஷார்ல் பார்க்கின் பயிற்சித் தாள்களைத் திரும்பத் திரும்பப் பிரதி செய்தார்; மில்லேயின் உழவர்களையும் பிரதி செய்தார். ஆகவே பிரதி செய்வது இழிவன்று. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. கிழங்கு உண்ணும் குடியானவர் குடும்பத்தை 1885 இல் தீட்டுமுன், ஒரு குளிர்காலம் முழுவதும் உழவர் தலைகளை ஏறக்குறைய நாற்பது படங்களாகத் தீட்டிப் பார்த்தார். அந்தப் படத்தில் கைகளின் அளவு பிழை என்று நண்பரே குறை கூறினார். பிழைதான். ஆயினும் மண்ணைத் தோண்டிய கைகளே தட்டை நோக்கி நீள்கின்றன என்பதில் எவருக்கும் ஐயமெழாது. இன்னொரு சான்று நம் மண்ணிலேயே உண்டு. ஓவியர் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட தோம்பு நூலுக்காக, இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் எண்பது பேர், தாம் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுத்தனர். கீறிப் பழகாத கைகள். கிணறும் மாமரமும் வாசலும் வெறும் வட்டமும் கட்டமுமாக உள்ளன. இருந்தும் அக்கோடுகளில் பொய் இல்லை. அந்த வாசலால் அவர்கள் பல்லாயிரம் தடவை நடந்திருக்கிறார்கள்.

மாணவியிடம் நாம் கேட்டது ஒன்றே: கரைவலையை நேரிற் பார்த்ததுண்டா? உண்டு, தூரத்திலிருந்து என்றார். படம் ஒரு புகைப்படத்தைப் பார்த்துக் கீறியது. புகைப்படத்தில் அம்பாப் பாட்டுக் கேட்பதில்லை. எந்த அசையில் எல்லோரும் ஒருசேரப் பின்சாய்கிறார்கள், எந்த அசையில் மூச்சு வாங்குகிறார்கள் என்பதை அருகிருந்து கேட்டவரே, பாரம் இறங்கும் கணத்தைக் கீற முடியும். பெண்பிள்ளை விடியற்காலையில் தனியே கடற்கரைக்குப் போவது எளிதா என்று அவர் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. பாடசாலையும் வாசிகசாலையும் ஏன் ஞாயிறு காலையில் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து அழைத்துச் செல்லலாகாது என்று நாம் நம்மையே கேட்டுக்கொண்டோம். கட்டுரையின் தொடக்கத்தில் வாதாடிய ஆசிரிய நண்பரே, சற்று முணுமுணுப்புடன், அதற்கு முன்வந்தார்.

பின்னர் அவர் தொலைபேசியிலேயே கீறிய புதிய படத்தைக் கண்டோம். செயலி ஒவ்வொரு கோட்டையும் வரிசையாகப் பதிந்து வைத்திருந்தது, ஓட்டிப் பார்த்தோம். முன்பு முகங்களில் தொடங்கியவர் இம்முறை கயிற்றில் தொடங்கியிருக்கிறார். ஒரே நேர்கோடு, இறுகியது. அதன் பிறகு அதற்கு எதிராகச் சாயும் முதுகுகள். முகங்கள் பலவற்றை இன்னும் கீறவேயில்லை. கடல் வெள்ளையாக விடப்பட்டிருக்கிறது. முன்னாலுள்ள நால்வர் நன்கு அமைந்துள்ளனர். கயிற்றின் கடைசியில் நிற்பவரின் குதிகால் மட்டும் இன்னும் மணலில் புதையவில்லை. அதைச் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.