ஸ்லைடை நிரப்பலாம், கல்லை இழுக்கலாமா?

போன மாதம் ஓர் ஆய்வுக் கூட்டத்தில் நடுகல் ஒன்றின் படத்தைக் காட்டினேன். செல்போனைக் கிடைமட்டமாகப் பிடித்து எடுத்த 4:3 படம், ஸ்லைடோ 16:9. இரண்டு பக்கமும் காலியாக இருந்தது கண்ணை உறுத்த, ஓரத்தைப் பிடித்து இழுத்து நிரப்பிட்டேன். பார்க்க ஜோராத்தான் இருந்தது. பின்வரிசையில் இருந்த பெரியவர் கேட்டார்: “தம்பி, அந்தக் கல்லை நான் நேர்ல பாத்திருக்கேன். இவ்வளவு குட்டையா இருக்காதே?”

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 4:3 படத்தை 16:9-க்கு இழுத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடும், உயரம் அப்படியே. கல்லின் அடியில் படுக்க வைத்த அளவுகோலும் கூடவே நீளும். அதை வைத்து ஸ்லைடிலேயே அளந்தால் 120 செ.மீ. கல் 90 செ.மீ. ஆகிவிடும். என் குறிப்பேட்டில் இருந்ததும் 90தான்! மூலப்படத்தைத் தேடச் சோம்பல்பட்டதன் பலன்.

தப்பு என்னுடையது. ஆனால் மென்பொருளும் யோக்கியமில்லை. பவர்பாயின்டில் ‘லாக் ஆஸ்பெக்ட் ரேஷியோ’ டிக் செய்திருந்தாலும் அது மூலைப் புள்ளியை இழுக்கும்போதுதான் காப்பாற்றும். பக்கவாட்டின் நடுப்புள்ளியை இழுத்தால் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் படம் நீளும். பூட்டுன்னு பேர் வெச்சுட்டு, பக்கத்துக் கதவைத் திறந்து வைப்பது என்ன நியாயம்?

‘கிராப்’ மெனுவில் ‘ஃபில்’, ‘ஃபிட்’ என்று இரண்டு உண்டு. ‘ஃபில்’ விகிதத்தைக் கெடுக்காது; ஆனால் 4:3 படம் ஸ்லைடு முழுக்க நிரம்ப, உயரத்தில் கால்வாசியை வெட்டியாகணும். நடுகல்லில் அந்தக் கால்வாசி, வீரனின் தலைக்கு மேலுள்ள எழுத்து வரியாக இருக்கலாம். ‘ஃபிட்’ முழுப்படத்தையும் காட்டும். பக்கங்களில் வெற்றிடம் விடும்.

இயற்கைக் காட்சிக்கு ‘ஃபில்’ போதும். கல்வெட்டு, ஓலை, வரைபடம் என்றால் ‘ஃபிட்’ மட்டுமே. எழுத்தின் அகலமும் உயரமும் காலக்கணிப்புக்கு உதவும் தடயங்கள். அதை இழுத்துக் காட்டுவது சாட்சியைத் திருத்துவதற்குச் சமம். ஏற்கெனவே இழுத்துவிட்டீர்களா? படத்தைத் தேர்ந்தெடுத்து ‘ரீசெட் பிக்சர் அண்ட் சைஸ்’ கொடுங்க, பழைய விகிதம் திரும்பிடும்.

என் குறிப்பேட்டில் 90-ஐ அடித்து 120 என்று திருத்திவிட்டேன். அடித்த எண்ணை அழிக்கவில்லை. அது அங்கேயே கிடக்கட்டும்.