உவமையும் பொதுத்தன்மையும்

மாணவர்க்கென இயற்றப்படும் அணியிலக்கணச் சுருக்கங்கள் உவமையைச் செய்யுட்கு அழகு செய்வதொன்றாகவே கூறி, உவமானம், உவமேயம், உவமவுருபு என எண்ணி அமைகின்றன. அவ்விரண்டற்கும் உரிய பொதுத்தன்மை யாது என்னும் வினா பெரும்பாலும் ஆராயப்படுவதில்லை. வினை, பயன், மெய், உரு என்னும் 4 வகைகளைத் தொல்காப்பியர் உவமவியலின் தொடக்கத்தே வைத்தது அவ்வினாவின் இன்றியமையாமை நோக்கியே யாம். சமயநூல் பயில்வார்க்கு இது சிறு குறையன்று; பொதுத்தன்மை மாறின் கொள்கையே மாறும்.

திருக்குறளின் முதற்பாட்டை நோக்குக. எழுத்துக்கட்கு அகரம் முதல் என்பதும், உலகிற்கு ஆதிபகவன் முதல் என்பதும் உவமவுருபின்றி அடுத்து நிற்றலின் இஃது எடுத்துக்காட்டுவமை. அப்பெயரளவில் அமையாது, தலைமை பற்றி வந்தது எனப் பரிமேலழகர் வரையறுத்தார். அவ்வரையறை இன்றேல், அகரமே திரிந்து ஏனை எழுத்துக்களாயினாற்போல இறைவனே திரிந்து உலகாயினான் எனக் கொள்ளவும் இடனாகும். அது பரிணாமவாதம். சித்தாந்தத்திலோ, குடத்திற்கு மண்போல உலகிற்கு முதற்காரணம் மாயை. குயவன்போல இறைவன் நிமித்தகாரணன்.

மெய்கண்டார் சிவஞானபோதம் 2-ஆம் சூத்திரத்தில் அத்துவிதம் விளக்குமிடத்து இவ்வுவமையையே எடுத்தாளுகின்றார். அகரவுயிர் இன்றேல் பிறவெழுத்துக்கள் இல்லையாதல் ஆண்டுப் பொதுத்தன்மை. 100 குறள்களாலாய திருவருட்பயனின் முதற்குறளில் உமாபதிசிவம் எங்கும் நிறைந்து நிற்றல் பற்றி அதனைக் கூறினார். உவமானம் ஒன்றே, ஒத்தற்குரிய தன்மை இடந்தோறும் வேறு.

அக்குறளே இறைவனை ஒப்பிலான் எனவும் கூறும். ஒப்பிலாதானுக்கு உவமை கூறுதல் முரணாகாதோ எனின், ஆகாது. உவமை ஒருபுடை ஒப்புமையே யாகலின். அகரம் சடம், இறைவன் அறிவுருவினன். அவனை அறிவு என அக்குறள் விதந்து கூறுதலால் இவ்வேறுபாடும் ஆண்டே பெறப்படும்.

ஆகவே, உவமை கற்பிக்கும் நூல்கள் எதுபற்றி ஒத்தது, எதுபற்றி ஒவ்வாதது என்னும் இரு வினாக்களையும் மாணவன் எழுப்புமாறு பயிற்றுதல் வேண்டும். அணியின் பெயரை மட்டும் கற்றவன் சாத்திரம் ஓதப் புகுங்கால் உவமானத்தின் இயல்பெல்லாவற்றையும் இறைவன்மேல் ஏற்றி மயங்குவான். அவ்விரு வினாக்களையும் கற்றவன் அங்ஙனம் மயங்கான்.