இறுகிய கூடு, இளகிய கால்

ஒரு பழைய காரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் முதலில் பானட்டைத் திறப்பதில்லை. பின்பக்க மூலையில் ஜாக்கி வைத்து, சக்கரம் தரையை விடும்வரை தூக்குவேன். அப்படியே அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மெல்லச் சாத்துவேன். வழக்கம்போல் வந்து பொருந்தினால் கூடு திடமாக இருக்கிறது. பூட்டு ஒரு நூல் மேலேயோ கீழேயோ இடித்தால் கூடு முறுக்கிக்கொண்டுவிட்டது. கூட்டை இறுக்கும் கலையின் தொடக்கம் அந்த ஒரு நூல் இடைவெளிதான்.

இந்தக் கலையை ரசிக்கத் திருவள்ளூர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. திருவள்ளூரை ஒட்டிய அதிகத்தூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்துதான் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் வெளிவந்தது. டாமி மாக்கினென் 1997, 1998, 1999 ஆண்டுகளில் உலக ராலிப் பட்டங்களை வென்ற லான்சர் எவல்யூஷன் கார்களும் அதே தலைமுறை உடம்பிலிருந்து பிறந்தவை. நம் லான்சருக்கு அந்த டர்போவும் கிடையாது, நான்கு சக்கர இழுவையும் கிடையாது. ஆனால் பின்சக்கரங்களைப் பல இணைப்புக் கைகள் தாங்கும் நேர்த்தியான சஸ்பென்ஷன் இருந்தது. அடுத்து வந்த சீடியாவை எம்.ஆர்.எஃப். அணி தேசிய ராலியில் மண்சாலைகளில் ஓட்டியது. இன்றும் லான்சரைக் கண்போல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

வேகத்தோடு இந்த மாவட்டத்துக்கு உள்ள உறவு அதற்கும் முந்தையது. கும்மிடிப்பூண்டி போகும் சாலையில் வருகிற சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பல ஆண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று தளம் அமைக்கும்வரை அதுவே தென்னகத்தின் பந்தயக் களம். அங்கே ஓடிய கார்களில் இரண்டு குலங்கள் உண்டு. ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குக் கீழே தனியாக ஒரு சேஸி, மேலே உடம்பு. ஃபியட்டுக்கு உடம்பேதான் சேஸி. லான்சர் இந்த இரண்டாவது குலம். தகடுகளை மடித்து, ஒன்றோடொன்று ஸ்பாட் வெல்டிங் வைத்து ஒட்டிய கூடு அது.

அந்தக் கூடு ஏன் முறுக்குகிறது? ஒரு தீப்பெட்டியை எடுத்துக் குச்சித் தட்டை உருவிவிட்டு, வெளிக்கூட்டை மட்டும் விரல்களால் நசுக்கிப் பாருங்கள். உடனே சாய்ந்துவிடும். தட்டைத் திரும்பச் செருகினால் அசையாது. கதவுக்கும் கண்ணாடிக்கும் வழிவிட்டுத் திறந்து கிடக்கும் கார் உடம்பு, தட்டு உருவிய தீப்பெட்டிக்குப் பாதி உறவு. இருபத்தைந்து ஆண்டுகள் பள்ளத்திலும் வேகத்தடையிலும் ஏறி இறங்கினால் தகட்டு இணைப்புகள் தளரும். எண்ணூர், பழவேற்காடு பக்கத்து உப்புக்காற்று இடுக்கில் புகுந்தால் துரு மிச்சத்தைத் தின்னும்.

முறுக்கும் கூடு ஒரு ஸ்பிரிங். அதுதான் சிக்கல். திருப்பத்தில் நீங்கள் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது உண்மையான ஸ்பிரிங் அமுங்குவதற்கு முன்னால் உடம்பு நெளிகிறது. சக்கரம் நிற்க வேண்டிய கோணம் தவறுகிறது. எந்த ஷாக் அப்சார்பராலும் அந்த நெளிவை அடக்க முடியாது. அதனால் விவரம் தெரியாதவர்கள் ஸ்பிரிங்கை மேலும் மேலும் கடினமாக்கி இடுப்பை உடைத்துக்கொள்கிறார்கள். விவரம் தெரிந்தவர் கூட்டை இறுக்குவார், பிறகு ஸ்பிரிங்கைச் சற்று இளக்குவார். காலுக்கு நெகிழ்வு கொடுப்பதற்காகத்தான் உடம்புக்கு உறுதி. இந்த வேலையின் அழகெல்லாம் எனக்கு இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

கைவேலையைப் பார்க்க வேண்டுமென்றால் காரை மொத்தமாகப் பிரித்து, கூட்டை மட்டம் பார்த்து நிறுத்தியிருக்கும் பட்டறைக்குப் போக வேண்டும். இடுக்குகளில் பூசிய சீலரையும் பெயின்டையும் சுரண்டி வெள்ளித் தகடு தெரியும்வரை தேய்ப்பதற்கே பல நாள் ஆகும். ஸ்பாட் வெல்டிங் என்பது சட்டைப் பொத்தான் போல, இங்கொன்று அங்கொன்று. அவற்றின் இடையே மிக் வெல்டிங்கில் ஓர் அங்குலம் போட்டு, ஓர் அங்குலமோ இரண்டோ விட்டு, மறுபடி ஓர் அங்குலம் போடுவது தையல். நல்ல கை இதை வரிசையாகப் போடாது. இங்கே ஒன்று வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போகும். சூடு ஆறிய பிறகு திரும்பி வரும். ஒரே இடத்தில் சூடு சேர்ந்தால் தகடு இழுத்துக்கொள்ளும். இழுத்துக்கொண்ட கூட்டை இறுக்கினால் கோணலைத்தான் நிரந்தரமாக்குவோம். அதனால் நடுநடுவே கதவை மாட்டி இடைவெளி பார்ப்பார்கள்.

அடுத்தது குழாய். முன்பக்க ஷாக் அப்சார்பர் டவர்கள் இரண்டையும் இணைக்கும் ஒற்றைக் கம்பியிலிருந்து, பந்தயக் காரின் உள்ளே குழாய்களால் கட்டும் முழு ரோல் கேஜ் வரை. கேஜின் முதன்மை வளைவுக்குச் சர்வதேச விதி இரண்டு அளவுகளை ஏற்கிறது: 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலாவது மீட்டருக்கு ஏறக்குறைய 2.6 கிலோ, இரண்டாவது 2.4 கிலோ. எடை குறைந்த இரண்டாவதுதான் முறுக்குக்கு ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதல் விறைப்பு காட்டும். இரும்பு நடுவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவு விறைப்பு. மூங்கில் உள்ளே வெறுமையாக இருந்தே பாரம் தாங்குவது இப்படித்தான். கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக உருட்டும் ஆலைகள் நிறைய உண்டு. ஆனால் கேஜுக்கு அந்த இரும்பு ஆகாது. குளிர்நிலையில் இழுத்த தையலில்லாக் குழாய்தான் வேண்டும். இரண்டு குழாய்கள் சந்திக்கும் முனையை மீன் வாய் போல் வளைத்து வெட்டியிருப்பதைப் பாருங்கள். வெல்டிங் வைக்கும் முன்பே வெளிச்சம் ஊடுருவாமல் கவ்வி நின்றால் அது கலைஞனின் வேலை. இடைவெளியை வெல்டிங் கம்பியால் நிரப்பியிருந்தால் பூச்சு வேலை.

முழுக் கேஜ் பந்தயத் தளத்துக்கு மட்டுமே உரியது. ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பது ஆபத்து. சாலையில் ஓடும் வண்டியின் அமைப்பை இப்படி மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தடை போடுகிறது.

இறுக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஷாக் அப்சார்பர் டவருக்கு முன்னால், பம்பர் வரை நீளும் இரண்டு கட்டைகள் மோதலில் மடிவதற்காகவே செய்யப்பட்டவை. அவை மடிந்து மோதலின் வேகத்தை விழுங்கினால்தான் உள்ளே இருப்பவர் பிழைப்பார். உற்சாகத்தில் அங்கேயும் தைத்துவிட்டால் அந்த அடி முழுவதும் மனிதர்மேல் வந்து இறங்கும். ஆகவே, நல்ல வேலை என்று யாராவது ஒரு கூட்டைக் காட்டினால், தையலைப் பார்த்து வியந்த பிறகு முன்னே குனிந்து அந்தக் கட்டைகளையும் பாருங்கள். ஆலையில் வைத்த ஸ்பாட் வெல்டிங் தவிர வேறு தழும்பில்லாமல் அவை அப்படியே விடப்பட்டிருந்தால், அந்த வெல்டருக்குக் கை கொடுங்கள்.