பாகன் மகனும் சாயம் பூசிய தகப்பனும்

நடிகர் சாபுவின் கதையை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். மைசூர் சமஸ்தானத்துக் காராப்பூரில் 1924இல் பிறந்த யானைப்பாகன் மகன். தாய் தகப்பனை இழந்து மகாராஜாவின் யானைக் கொட்டாரத்தில் வளர்ந்தவன். ஆவணப்பட இயக்குநர் ராபர்ட் பிளாஹெர்ட்டியின் கண்ணில் பட்டான். 1937இல் 'எலிஃபண்ட் பாய்' வந்ததும் உலகப் புகழ். நடிக்கவே தெரியாத பையன், யானையோடு யானையாக இருந்தான், அதுவே நடிப்பாகிவிட்டது என்று முடிப்பார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

எங்கள் ஆழ்வார்திருநகரியில் இதைச் சொன்னால், "யானை அவன் ரத்தத்துலயே இருக்குல்லா" என்பார்கள். ரத்தத்தில் யானை எப்படி இருக்கும்? காதுக்குப் பின்னால் கால்விரலால் எங்கே அழுத்துவது, அங்குசத்தை எப்போது எடுப்பது, எப்போது எடுக்கவே கூடாது என்பதெல்லாம் சாணி அள்ளி, தழை வெட்டி, ஆண்டுக்கணக்கில் பயந்து பயந்து கற்றுக்கொள்கிற வித்தை. அதற்கு 'இயல்பு' என்று பெயர் வைத்துவிட்டால் வித்தை என்று மதிக்க வேண்டாம், உரிய கூலியும் தர வேண்டாம். முத்துக்குளிப்பவனுக்கு மூச்சு பிறவியிலேயே வந்தது என்று நம் கரையோரத்தில் பேசுவதும் இதே சொல்லாடல்தான். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தவர்களுக்கு இதன் விஷம் தெரிந்திருந்தது. காலனியம் கட்டமைத்த 'இயற்கையின் குழந்தை'யும் வருணம் கட்டமைத்த 'குலத்தொழி'லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

பிரதிக்கு வருவோம். கிப்ளிங்கின் கதையை வைத்து பிளாஹெர்ட்டி மைசூரில் காட்டையும் யானைகளையும் படம்பிடித்தார். பின்னர் லண்டனுக்கு அருகே டெனம் ஸ்டூடியோவில் சோல்டான் கோர்டா கதைக் காட்சிகளை எடுத்துச் சேர்த்தார். படத்தில் பையனின் தகப்பனான பாகனாக வருபவர் டபிள்யூ. ஈ. ஹாலோவே. யானைக்காரர்களின் தலைவன் மாச்சுவா அப்பாவாக வருபவர் ஆலன் ஜீஸ். இரண்டு பேருமே பழுப்புச் சாயம் பூசிய வெள்ளையர்கள். 1942இல் வந்த 'ஜங்கிள் புக்'கில் மோக்லியின் தாய் ரோஸ்மேரி டிகாம்ப், அவரும் அப்படியே. சொந்தத் தகப்பனைப் பறிகொடுத்தவனுக்குத் திரையில் கிடைத்தவர்கள் சாயத் தகப்பனும் சாயத் தாயும்!

பையன் மட்டும் ஏன் அசல்? அசலான பாகன் ஒருவர் தகப்பனாக நின்று பேசினால், அவரிடமிருந்து பையன் தொழில் கற்றான் என்பது தெரிந்துவிடும். கற்றவன் இயற்கையின் குழந்தையாக இருக்க முடியாது. அதனால்தான் கற்றுக்கொடுத்தவனை அகற்றி அந்த இடத்தில் சாயத்தை நிறுத்துகிறது படம். இத்தனைக்கும் சாபு அந்தப் படத்தின் தொடக்கத்தில் காமிராவைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசுகிறான். வேலைக்கு வந்தபோது அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. இது உழைப்பு இல்லையென்றால் எது உழைப்பு? 1937 வெனிஸ் விழாவில் இயக்கத்துக்கான விருது பிளாஹெர்ட்டிக்கும் கோர்டாவுக்கும் போனது.

'தி டிரம்' (1938) படத்தில் அவன் பிரிட்டிஷ் படையை முரசடித்துக் காப்பாற்றும் இளவரசன். பம்பாயில் எதிர்ப்பு கிளம்பிப் படம் நிறுத்தப்பட்டது. எதிர்ப்பு நியாயம்தான், வேடத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அந்தப் பதினான்கு வயதுப் பையன் இல்லை என்பதும் நியாயம்தான். 'தீஃப் ஆஃப் பாக்தாத்' (1940) மட்டும் விதிவிலக்கு. அதில் திருட்டுப் பயல் அபுவாக அவன் சிரிக்கிற சிரிப்பில் அதிகாரத்துக்கு எதிரான ஒரு கேலி இருக்கிறது. பிறகு யுனிவர்சல் நிறுவனத்து வண்ணப்படங்கள். ஜான் ஹால் காதலிப்பார், சாபு கூட ஓடுவான். 'கோப்ரா வுமன்' (1944) படத்தில் அவனுக்குத் துணை ஒரு சிம்பன்சி.

அதே 1944இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, விமானப்படையில் துப்பாக்கி இயக்குபவராகப் பசிபிக் போர்முனைக்குப் போய் வீரப்பதக்கம் வாங்கினார் சாபு. சாதாரண இந்தியக் குடியேறிக்கு அந்தக் குடியுரிமை 1946 சட்டத்துக்குப் பிறகுதான் சாத்தியமானது. இங்கே மெஹபூப் கான் 'மதர் இந்தியா'வில் அவரை நடிக்கவைக்க விரும்பினார், அனுமதி கிடைக்கவில்லை. 1957இல் வந்த படத்தில் பிர்ஜுவாக சுனில் தத் நடித்தார். ஹாலிவுட்டில் 'இந்தியா'வாகவே நின்றவருக்கு இந்தியப் படத்தில் இடமில்லை. 1963 டிசம்பர் 2இல் மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 39.

நாம் மட்டும் பாகனைப் பார்த்துவிட்டோமா? முதுமலைப் பாகர் தம்பதியின் வாழ்வைப் படமாக்கிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' 2023இல் ஆஸ்கார் வாங்கியபோது மேடையேறியவர்கள் இயக்குநரும் தயாரிப்பாளரும். எங்கள் ஆதிநாதர் கோயில் யானையைப் படம்பிடிக்கிறவர்கள், "அண்ணே, கொஞ்சம் ஒதுங்குங்க" என்று பாகனிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 2024 நவம்பரில் திருச்செந்தூர் கோயில் யானை தன் பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றது. அடுத்த சில நாட்கள் யானையின் மனநிலை, தனிமை, உணவு, குளியல் என்று நிறையப் படித்தேன். பாகனுக்கு என்ன சம்பளம், எத்தனை மணி நேர வேலை, அவர் யாரிடம் தொழில் கற்றார் என்பது நான் படித்த எந்தச் செய்தியிலும் இல்லை.