இயேசு இருந்தாரா? நாத்திகர்களுக்குள் ஒரு நீண்ட வழக்கு

2002ஆம் ஆண்டு இத்தாலியில் லூயிஜி காஷோலி என்ற முதியவர், தம் ஊர்ப்பக்கத்துப் பங்குத்தந்தை மீது புகார் கொடுத்தார். இயேசு என்றொரு மனிதர் உண்மையில் வாழ்ந்தார் என்று அந்தப் பாதிரியார் எழுதியிருந்தார். குற்றம் அதுதான். மக்களின் நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்தியது, ஆள்மாறாட்டம் என்று இரண்டு சட்டப்பிரிவுகளைக் காஷோலி காட்டினார். வாதியும் பிரதிவாதியும் இளமையில் ஒரே குருமடத்தில் படித்தவர்கள். ஒருவர் குருவானார், மற்றவர் நாத்திகரானார். 2006இல் வித்தெர்போ நகர நீதிமன்றம் புகாரைத் தள்ளுபடி செய்தது.

நீதிமன்றத்தில் தீரக்கூடிய வழக்கா இது? இல்லை. ஆனால் வழக்கு உண்மையானது, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருவது. இதில் எல்லோரும் எதிர்பார்ப்பதுபோல ஒரு பக்கம் பக்தர்களும் மறுபக்கம் நாத்திகர்களும் அணிவகுத்து நிற்கவில்லை. இயேசு இருந்ததே இல்லை என்று எழுதியவர்களில் பலர் நாத்திகர்கள். அவர்களை மிகக் கடுமையாக மறுத்தவர்களிலும் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

தொடக்கம் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில். வோல்னே 1791லும், அவருக்குச் சில ஆண்டுகள் கழித்து துப்புயியும் வெளியிட்ட நூல்கள் கிறிஸ்துவைச் சூரியனின் உருவகமாகக் கண்டன. பன்னிரண்டு சீடர்கள் பன்னிரண்டு ராசிகள், பிறப்பும் உயிர்ப்பும் சூரியனின் ஆண்டுச் சுற்று என்று கணக்கு ஓடியது. வானத்தைப் பார்த்து எழுதிய அந்த நூல்களைவிட, ஏட்டைப் பார்த்து எழுதிய ஜெர்மானியர் புரூனோ பவுர் முக்கியமானவர். பான் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்தவர். நற்செய்திகளை இலக்கியப் படைப்புகளாகப் படித்துக் காட்டியதற்காக 1842இல் கற்பிக்கும் உரிமையை இழந்தார். ஒருவரே எழுதிய கதையை மற்றவர்கள் விரித்தார்கள் என்ற இடத்தில் தொடங்கி, கடைசியில் அந்தக் கதைக்குப் பின்னால் ஆளே இல்லை என்ற முடிவுக்கு வந்தார். இளம் மார்க்ஸ் அவருடைய மாணவர். பவுர் 1882இல் இறந்தபோது அவரைப் பற்றியும் தொடக்கக் கிறிஸ்தவம் பற்றியும் எங்கெல்ஸ் மதிப்போடு எழுதினார்.

அதே 1882இல்தான் சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவவிவேசினி' இதழைத் தொடங்கினார்கள். லண்டன் நாத்திகர்களின் வாதங்கள் அதன்வழி தமிழுக்கு வந்தன. பின்னால் சுயமரியாதை இயக்கம் அமெரிக்கப் பகுத்தறிவாளர் இங்கர்சாலையும் ஆங்கிலத் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலையும் தமிழில் கொண்டுவந்தது. ரஸ்ஸலின் 'நான் ஏன் கிறிஸ்தவன் அல்ல' 1927 மார்ச் 6ஆம் தேதி லண்டன் பேட்டர்சீ நகர மண்டபத்தில் ஆற்றிய உரை. வரலாற்றில் கிறிஸ்து இருந்தாரா என்பதே ஐயத்துக்குரியது என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, அந்தக் கேள்வி தனக்கு வேண்டாம் என்று ரஸ்ஸல் நகர்ந்துவிடுகிறார். நற்செய்திகளில் வரும் கிறிஸ்துவின் போதனையை எடைபோடுவதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அவருடைய நாத்திகம் அந்த ஐயத்தின் மேல் கட்டப்படவில்லை. இதைத் தமிழ் வாசகர்கள் பலர் கவனிக்கவில்லை.

ஐயத்தின் மேலேயே கட்டியவர்களும் உண்டு. 1909இல் கார்ல்ஸ்ரூவின் தத்துவப் பேராசிரியர் ஆர்தர் டிரூஸ் 'கிறிஸ்து தொன்மம்' என்ற நூலை வெளியிட்டார். மறு ஆண்டு ஜனவரி 31, பிப்ரவரி 1 ஆகிய இரண்டு நாள்களும் பெர்லின் விலங்கியல் பூங்கா மண்டபத்தில் அவருக்கும் இறையியலாளர்களுக்கும் பொது விவாதம் நடந்தது. 'இயேசு வாழ்ந்தாரா?' என்ற தலைப்பில் அது அச்சிலும் வந்தது. டிரூஸ் நாத்திகர்கூட அல்லர். பழைய மதத்தைக் களைந்து தூய்மையான ஒன்றை அதன் இடத்தில் வைக்க நினைத்தவர். அதற்காகவே லெனின் 1922இல் அவரைக் கண்டித்தார். ஆனாலும் அவரைப் போன்றவர்களோடு கூட்டுச் சேர்ந்தாக வேண்டும் என்றும் எழுதினார். அதன் பிறகு சோவியத் ஒன்றியத்தில் இயேசு இல்லை என்பது பாடநூல் கருத்தாகவே ஆயிற்று. புல்காகோவின் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' நாவலின் முதல் காட்சியே அதுதான். மாஸ்கோ பூங்கா ஒன்றில் இலக்கிய அதிகாரி ஒருவர் இளம் கவிஞருக்கு, இயேசுவைத் திட்டினால் போதாது, அவர் பிறக்கவே இல்லை என்று எழுத வேண்டும் எனப் பாடம் நடத்துகிறார். ஆய்வாகப் பிறந்த ஒரு கேள்வி, அரசின் கையில் விடையாக உறைந்துபோனதை அந்தக் காட்சி பிடித்துவைத்திருக்கிறது.

இங்கிலாந்தில் கதை வேறுவிதமாகப் போனது. அங்கே ஜே. எம். ராபர்ட்சன் என்ற பகுத்தறிவாளர், பிற்பாடு நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர், 1900இலும் 1903இலும் வெளியிட்ட நூல்களில் இயேசுவைப் பழைய பலிச்சடங்குகளிலிருந்து உருவான தெய்வமாக விளக்கினார். அதற்கு மறுப்பு எங்கிருந்து வந்தது? திருச்சபையிலிருந்தும் வந்தது. ஆனால் காத்திரமான மறுப்பு ராபர்ட்சனின் சொந்த முகாமிலிருந்தே வந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் ஆர்மேனிய மொழி அறிஞர் எஃப். சி. கோனிபேர், பகுத்தறிவாளர் பதிப்புச் சங்கத்தைச் சேர்ந்தவர், 1914இல் ராபர்ட்சனையும் டிரூஸையும் பெயர் சொல்லி மறுத்து ஒரு நூல் எழுதினார். ராபர்ட்சனின் நூல்களை வெளியிட்ட அதே வாட்ஸ் நிறுவனம்தான் கோனிபேர் நூலையும் வெளியிட்டது. சொந்த இயக்கத்தின் பெரியவர் சொன்னதைச் சொந்த இயக்கத்தின் அச்சகத்திலேயே மறுக்க இடம் இருந்தது. இதுவே பகுத்தறிவின் இலக்கணம்.

இனிச் சான்றுகளுக்கு வரலாம். எல்லா வாதங்களும் கடைசியில் சுற்றிச்சுற்றி வந்து நிற்பது சில வரிகளில்தான்.

முதலாவது ஜொசிபஸ். கி.பி. 37இல் பிறந்த யூத வரலாற்றாசிரியர். ஏறத்தாழ 93இல் முடித்த 'யூதர் தொன்மை வரலாறு' நூலில் இயேசு இரண்டு இடங்களில் வருகிறார். பதினெட்டாம் புத்தகத்தில் உள்ள பத்தி இயேசுவை மனிதர் என்று அழைப்பதற்கே தயங்குகிறது, அவரே மெசியா என்கிறது, மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார் என்றும் சொல்கிறது. கிறிஸ்தவராகாத ஒரு யூதர் இப்படி எழுதியிருக்க முடியாது. மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிஜன் ஜொசிபஸைப் படித்துவிட்டு, இவர் இயேசுவை மெசியாவாக ஏற்கவில்லை என்று குறிப்பிடுகிறார். ஆகவே கிறிஸ்தவர் கை பட்ட பத்தி இது என்பதில் இன்று அறிஞர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. முழுதும் இடைச்செருகலா, அசலான ஒரு சிறு குறிப்பின் மேல் பூசியதா என்பதில்தான் வாதம். பழந்தமிழ் நூல்களில் இடைச்செருகல் தேடிப் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகவே புரியும்.

இருபதாம் புத்தகத்து வரி வேறு ரகம். கி.பி. 62இல் ரோம ஆளுநர் ஒருவர் இறந்து அடுத்தவர் வந்துசேருமுன், தலைமைக் குரு அனானுஸ் அந்த இடைவெளியில் யாக்கோபு என்பவரைக் கல்லெறிந்து கொல்ல வைத்தார். யார் இந்த யாக்கோபு? கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் என்று ஜொசிபஸ் அடையாளம் சொல்கிறார். புகழ்ச்சி இல்லை, பக்தி இல்லை. ஆளைச் சுட்டிக்காட்ட ஒரு சொல், அவ்வளவே. அப்போது ஜொசிபஸ் இருபத்தைந்து வயது எருசலேம்வாசி. கிறிஸ்து என்ற சொல் யாரோ ஓரத்தில் எழுதிய குறிப்பாக இருந்து உள்ளே நுழைந்திருக்கலாம் என்கிறார், இயேசு இருந்ததை மறுக்கும் ரிச்சர்ட் காரியர். இருக்கலாம்தான். ஆனால் ஏடு எழுதுபவர்கள் செருகிய இடங்கள் பொதுவாக இத்தனை அடக்கமாக இருப்பதில்லை.

இரண்டாவது, இதைவிடப் பழையது: பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதம். இயேசு இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டது. பவுல் சண்டைக் கோபத்தில் இருக்கிறார். தம் நற்செய்தியை மனிதர் எவரிடமிருந்தும் பெறவில்லை என்று நிறுவ வேண்டிய கட்டாயம். அந்த நிலையில், எருசலேமுக்குப் போய்க் கேபா எனப்பட்ட பேதுருவோடு பதினைந்து நாள் தங்கியதையும், வேறு அப்போஸ்தலரைக் காணாமல் ஆண்டவரின் சகோதரர் யாக்கோபை மட்டும் கண்டதையும் ஒப்புக்கொள்கிறார். பொய் சொல்லவில்லை என்று ஆணையிட்டும் சொல்கிறார். இந்தச் சந்திப்பு அவருடைய வாதத்துக்கு உதவவில்லை, உபத்திரவமே செய்கிறது. இல்லாத ஒருவருக்குத் தம்பி இருக்க முடியாதே!

காரியரின் விடை: சகோதரர் என்பது ஞானஸ்நானம் பெற்ற எந்தக் கிறிஸ்தவருக்கும் பொருந்தும் சொல். அப்படியென்றால் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் அப்போஸ்தலர்கள், ஆண்டவரின் சகோதரர்கள், கேபா என்று தனித்தனியாக எண்ணுவது ஏன்? சாதாரண உறுப்பினர்களை அப்போஸ்தலரிடமிருந்து பிரித்துக் காட்டவே என்கிறார் அவர். மொழியைப் படிக்கிறவர்களுக்கு இது இழுத்துப் பொருத்திய விளக்கமாகவே படுகிறது.

காரியரை இலேசாகத் தள்ள முடியாது. பண்டைய வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற நாத்திகர். 2014இல் வந்த அவருடைய பெருநூல் பேய்சு நிகழ்தகவுக் கணக்கைக் கொண்டு சான்றுகளை எடைபோடுகிறது. இயேசு இருந்திருக்கும் வாய்ப்பு அதிகபட்சம் 3இல் 1 என்பது முடிவு. அவருக்கு முன் 1999இல் கனடாவின் ஏர்ல் டோஹர்டி சொன்னதை அவர் செப்பனிட்டார்: பவுலின் கிறிஸ்து வானுலகத்தில் சிலுவையில் அறையப்பட்ட விண்ணகத் தெய்வம், மண்ணுக்கு இறக்கியது பின்வந்த நற்செய்தியாளர்கள். ஆனால் கணக்கின் தொடக்கப் புள்ளியே இடறுகிறது. ராக்லன் பிரபு 1936இல் தொகுத்த 22 வீரநாயக அடையாளங்களின் பட்டியலில் இயேசுவை வைத்து, அந்த அடையாளங்கள் பொருந்துபவர்கள் பெரும்பாலும் கற்பனை மாந்தர் என்பதிலிருந்து காரியர் தொடங்குகிறார். அந்த அடையாளங்களில் பல, பின்னால் வந்த நற்செய்திகள் அணிவித்த ஆபரணங்கள். ஒருவருக்குப் பின்னாளில் தொன்மம் சூட்டப்பட்டது என்பதால் ஆளே இல்லை என்று ஆகிவிடுமா?

எதிர்ப்பக்கத்தில் பார்ட் எர்மன். இளமையில் தீவிர நற்செய்திப் பற்றாளர், பிறகு நம்பிக்கை இழந்தவர், வட கரோலினாவில் பேராசிரியராக இருந்தவர். 2012இல் இயேசு இருந்தார் என்று வாதாடித் தனி நூலே எழுதினார். நாட்டிங்ஹாமின் மாரிஸ் கேசி இளமையிலேயே கிறிஸ்தவத்தை விட்டவர். அவரும் 2014இல், இயேசு வெறும் தொன்மமே என்னும் தொன்மவாதிகளைக் கடுமையாக மறுத்தார். கிறிஸ்டபர் ஹிச்சன்ஸ் இயேசுவின் இருப்பை ஐயத்துக்குரியது என்று எழுதியவர். அவரையே நிறுத்தி யோசிக்க வைத்தது பெத்லகேம் கதை. மெசியா பெத்லகேமில் பிறக்க வேண்டும் என்பது தீர்க்கதரிசனம். அதற்காக லூக்கா ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டுவருகிறார். மத்தேயுவோ அந்தக் கணக்கெடுப்புக்குச் சுமார் பத்தாண்டு முன்னே இறந்துவிட்ட ஏரோதைக் கொண்டுவருகிறார். கதையையே புதிதாகப் புனைபவர் நாயகனைப் பெத்லகேம்காரராகவே படைத்துவிடலாம். இத்தனை பாடு எதற்கு? நாசரேத்தூரார் ஒருவர் இருந்தார், அதை எல்லோரும் அறிந்திருந்தார்கள், மறைக்க முடியவில்லை என்பதே எளிய விடை.

இவர்களில் மனத்தில் நிற்பவர் ஜி. ஏ. வெல்ஸ். லண்டன் பர்க்பெக் கல்லூரியில் ஜெர்மன் பேராசிரியர். 1975இல் 'இயேசு இருந்தாரா?' என்று நூல் எழுதி, ஆங்கில உலகில் அணைந்துபோன விவாதத்தைத் தனியொருவராக மறுபடி ஏற்றினார். இருபது ஆண்டுகள் இல்லை என்ற பக்கமே நின்றார். பிறகு மத்தேயு, லூக்கா இரண்டுக்கும் பொதுவான போதனைத் தொகுப்பை ஆழமாகப் படித்தவர், கலிலேயாவில் பெயர் மங்கிய போதகர் ஒருவர் உண்மையில் இருந்திருக்க வேண்டும் என்று 1990களில் எழுதினார். பவுலின் கிறிஸ்துவும் அவரும் ஒன்றல்ல என்ற கருத்தை மட்டும் விடவில்லை. 2017இல் இறக்கும்வரை நாத்திகராகவே இருந்தார். மறுபுறம் தாமஸ் பிரோடி என்ற அயர்லாந்து டொமினிக்கன் துறவி, 2012இல் இயேசு வரலாற்று மனிதர் அல்லர் என்று எழுதித் தம் பொறுப்பை இழந்தார். நாத்திகர் இருந்தார் என்கிறார், பாதிரியார் இல்லை என்கிறார். கடவுள் உண்டா என்பதும் ஒரு கலிலேயத் தச்சர் இருந்தாரா என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சான்றுகள் மெலிந்தவை என்று சுட்டிக்காட்டியது தொன்மவாதிகளின் நன்கொடை. அவர்களால்தான் எர்மன்களும் கேசிகளும் இயல்பாக ஏற்றுக்கொண்டதையெல்லாம் நிறுவிக்காட்ட வேண்டி வந்தது. ஆனால் கையில் உள்ளதைக் கொண்டு தீர்ப்புச் சொன்னால், பிலாத்து ஆளுநராக இருந்தபோது சிலுவையில் அறையப்பட்ட ஒரு யூதப் போதகர் இருந்தார் என்பதே பொருத்தமான முடிவு. அற்புதங்களும் உயிர்ப்பும் அந்தத் தீர்ப்பில் அடங்கா. தமிழில் இதை எழுதுகிறவர்கள் இரு தரப்பிலும் இரண்டாம் கைச் சரக்கையே நம்பியிருக்கிறார்கள். முதலில் கலாத்தியர் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். மொத்தம் ஆறே அதிகாரங்கள். கேபாவும் யாக்கோபும் முதல் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் இருக்கிறார்கள்.