நடுநிலைப் பள்ளிக் கணினிக் கல்வியும் ‘வரை’ என்னும் சொல்லும்

இந்திய அரசின் தேசியக் கல்விக் கொள்கை (2020), 6 முதல் 8 முடியவுள்ள வகுப்புகளை நடுநிலைக் கட்டமாகக் கொண்டு, நிரலாக்கப் பயிற்சிகளை அக்கட்டத்தில் தொடங்க வேண்டும் என்கிறது. அதே கொள்கை, இயன்ற இடங்களில் குறைந்தது 5ஆம் வகுப்பு முடியவும், விரும்பத்தக்க நிலையில் 8ஆம் வகுப்பும் அதற்கு மேலும் தாய்மொழியோ வீட்டுமொழியோ பயிற்றுமொழியாதல் வேண்டும் என்றும் கூறுகிறது. இவ்விரு கருத்துகளையும் சேர்த்து நோக்கினால், பதினொரு வயதுக் குழந்தைக்கு நிரலாக்கத்தை அதன் மொழியிலேயே விளக்கும் பொறுப்பு பாடநூலாசிரியர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியதாகின்றது. அப்பாடமொழி எத்தகையதாக அமைதல் வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

தமிழில் இத்துறை சார்ந்த மொழிப்பணி பெரும்பாலும் பெயர்ச்சொற்களைச் சுற்றியே நிகழ்ந்துள்ளது. கணிப்பொறியா கணினியா என்று நெடுநாள் வாதிட்டோம். மென்பொருள், வன்பொருள், நினைவகம், கோப்பு, நிரல் ஆகியன நிலைபெற்றுவிட்டன. இப்பணியின் பெருமையைக் குறைத்துக் கூறுதல் தகாது. ஆயினும் நிரலாக்கத்தின் உயிர்நிலை பெயர்களில் இல்லை. ஒரு செயல் எப்போது நிகழும், எத்தனை முறை நிகழும், எப்போது நிற்கும் என்பவற்றை உணர்த்தும் எச்சங்களிலும் இடைச்சொற்களிலும் பின்னுருபுகளிலும்தான் அது உள்ளது. கலைச்சொல் அகராதிகள் இவற்றைக் கண்டுகொள்வதில்லை.

‘வரை’ என்னும் பின்னுருபை எடுத்துக்கொள்வோம். ‘பேருந்து வரும் வரை நின்றான்’ என்னும் தொடரில் அது முடிவெல்லையைக் காட்டுகிறது. பேருந்து வந்ததும் நிற்றல் முடிகிறது. ‘உயிர் உள்ள வரை மறவேன்’ என்னும் தொடரிலோ அது நீடிப்பைக் காட்டுகிறது. உயிர் இருக்கும் காலம் முழுவதும் மறவாமை தொடர்கிறது. வேறுபாடு ‘வரை’யில் இல்லை, அதற்கு முன் நிற்கும் வினையில் உள்ளது. வருதல், ஆதல், முடிதல் போன்ற மாற்ற வினைகள் முடிவெல்லைப் பொருளைத் தருகின்றன. இருத்தல், உள்ளமை போன்ற நிலை வினைகள் நீடிப்புப் பொருளைத் தருகின்றன. பெய்தல் போன்ற தொழில் வினைகள் இருபாலும் செல்லும். ‘மழை பெய்யும் வரை உழவர் காத்திருந்தனர்’, ‘மழை பெய்யும் வரை திண்ணையிலேயே இரு’ ஆகிய தொடர்களில் எச்சம் ஒன்றே, பொருள் வேறு.

இலக்கண நுட்பமாகத் தோன்றும் இச்செய்தி வகுப்பறையில் நேரடி விளைவுடையது. 2007இல் வெளியாகித் தொடக்கநிலைக் கல்வியில் பரவிய ஸ்கிராட்ச் மொழியில், நிபந்தனை சார்ந்த மடக்குக் கட்டம் முடிவெல்லைப் பொருளுடையது: நிபந்தனை மெய்யானதும் மடக்கு நிற்கும். அடுத்து மாணவர் கற்கும் பைத்தானில் உள்ள நிபந்தனை மடக்கோ நீடிப்புப் பொருளுடையது: நிபந்தனை மெய்யாக இருக்கும் காலமெல்லாம் மடக்கு தொடரும். முன்னதைப் போன்ற கட்டளைச்சொல் பைத்தானில் இல்லை. 1இல் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூட்டி 10இல் நிறுத்த வேண்டுமெனக் கொள்வோம். முதல் மொழியில் நிபந்தனை ‘எண் 10க்குச் சமம்’. இரண்டாவதில் ‘எண் 10ஐ விடக் குறைவு’. இரண்டையும் ‘வரை’ என்னும் ஒரே சொல்லால் விளக்கும் பாடத்தைப் படித்த மாணவர் முதல் நிபந்தனையை இரண்டாம் மொழியில் இட்டால் ஒரு சுற்றும் நிகழாது. பிழைச் செய்தியும் தோன்றாது. தவறு எங்கே என அறிய அவருக்கு வழியில்லை. கணினி தமக்கு வராது என்றே அவர் முடிவு செய்யக்கூடும்.

தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட ‘எழில்’ மொழி இவ்விடத்தில் தனியே மதிப்பிடத்தக்கது. முத்து அண்ணாமலை உருவாக்கிய இம்மொழி பற்றிய கட்டுரை 2009இல் வெளியாயிற்று. இதில் நிபந்தனை முன்னும் ‘ஆனால்’, ‘வரை’ ஆகிய சொற்கள் பின்னும் வருகின்றன. ஆங்கிலத்தின் முன்னொட்டு அமைப்பை அப்படியே பின்பற்றாமல், எச்சமும் பின்னுருபும் ஈற்றில் வரும் தமிழ்த் தொடரமைப்பைத் தழுவியமை போற்றற்குரியது. ‘ஆனால்’ மறுத்தல் பொருள் தரும் இணைப்புச் சொல்லாகவும் வழங்கினும், ஈற்றில் நிற்பதால் ஐயம் நீங்குகிறது. ‘வரை’க்கு இவ்வாய்ப்பு இல்லை. எழிலில் அது நீடிப்பு மடக்கைக் குறிக்கிறது. அதன் முன் நிற்பதோ வினையற்ற ஒப்பீட்டுக் குறி. பொருளை வேறுபடுத்தும் வினை நீங்கியதால் ஐயம் மீள்கிறது. அதனை ‘10ஐ விடக் குறைவாக இருக்கும் வரை’ என விரிக்கலாம். ‘10ஐ விடக் குறையும் வரை’ எனவும் விரிக்கலாம். இவை ஒன்றற்கொன்று எதிரானவை. ‘உள்ளவரை’ என்று அமைத்திருப்பின் இக்குறை நேர்ந்திராது.

கட்டளைச்சொற்கள் சிலவே, அவற்றை ஆங்கிலத்திலேயே கற்கலாமே எனச் சிலர் கூறுவர். கற்கலாம், ஆனால் அவற்றின் பொருளை ஆசிரியர் தமிழில்தானே விளக்குவார்? ஆங்கிலம் பேசுவோர்க்கும் இத்தொல்லை உண்டு. போனார், சோலோவே ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கநிலையினர் தம் இயற்கைமொழி அறிவை நிரலுக்குள் கொண்டுவருவதே பல பிழைகளுக்குக் காரணம் எனக் காட்டியது. நீடிப்பு மடக்கில் நிபந்தனை ஒவ்வொரு நொடியும் கண்காணிக்கப்படுகிறது என்னும் தவறான எண்ணம் அவற்றுள் ஒன்று. உண்மையில் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலுமே அது சோதிக்கப்படுகிறது. தமிழின் ‘இருக்கும் வரை’யும் இதே எண்ணத்திற்கு இடந்தரும், ஆகவே ‘ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும்’ என்னும் தொடரைப் பாடநூல் வெளிப்படையாகச் சேர்த்தல் வேண்டும்.

பிற இந்திய மொழிகளிலும் இத்தகைய ஆய்வு தேவை. இந்தியில் ‘ஜப் தக்’ என்பது நீடிப்பையும், எதிர்மறையுடன் சேர்ந்து முடிவெல்லையையும் குறிக்கும். அங்கே எதிர்மறைச் சொல் செய்யும் பணியைத் தமிழில் வினைவகை செய்கிறது. எனவே ஒரு மொழிக்கான பாடத்தைச் சொல்லுக்குச் சொல் மற்றொன்றுக்குப் பெயர்த்தல் பயன் தராது.

முடிவெல்லை மடக்குக்கு ‘ஆகும் வரை’, நீடிப்பு மடக்குக்கு ‘இருக்கும் வரை’ என வரையறுத்து, எல்லா வகுப்பு நூல்களிலும் மாறாது வழங்குதல் முதற்பணி. ‘அல்லது’ என்பதையும் இவ்வாறே ஆராய வேண்டும். ‘காப்பி அல்லது தேநீர்’ என்றால் இரண்டில் ஒன்று என்றே கொள்கிறோம். கணினியிலோ இரண்டும் மெய்யாயினும் முடிவு மெய்யே. ‘தமிழிலாவது கணக்கிலாவது 90 பெற்றவர்’ என்னும் ‘ஆவது’ அமைப்பு அப்பொருளுக்கு நெருக்கமானது. கலைச்சொற் குழுக்களில் இலக்கண அறிஞர் இடம்பெற வேண்டுவது இத்தகைய பணிகளுக்காகவே.