அச்செடுத்த பின்பே உயில்

இணையத்தில் உயில் தயாரித்துத் தரும் சேவைகள் இந்தியாவில் பரவலாகிவிட்டன. குடும்பம், வீடு, வங்கிக் கணக்கு, நகை என்று அவை கேட்கும் கேள்விகளுக்கு விடை தந்தபடியே போனால் முடிவில் ஒரு பிடிஎஃப் கோப்பு கிடைக்கிறது. அச்செடுத்து இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திடுங்கள் என்ற குறிப்போடு பல சேவைகளின் வேலை முடிந்துவிடுகிறது. உயில் நிற்பதும் விழுவதும் அந்தக் குறிப்புக்குள் அடங்கிய வேலையில்தான் என்பதால், அதையே இங்கே எடைபோட விரும்புகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். வக்கீலிடம் போகத் தயங்கியே உயில் எழுதாமல் காலம் கடத்துபவர்கள் நம்மிடையே ஏராளம். உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் அவருடைய சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, பிள்ளைகளோடு தாய்க்கும் சமபங்கு உண்டு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்லும் இந்தச் செய்தி பலருக்கும் தெரியாது. நிறைவேற்றுநர் யார், அவர் முன்னதாக இறந்துவிட்டால் அடுத்து யார், மைனர் குழந்தைக்குக் காப்பாளர் யார், பட்டியலில் விட்டுப்போன சொத்து யாருக்கு என்ற கேள்விகளை இந்தப் படிவங்கள் மறக்காமல் கேட்கின்றன. தானாக வெள்ளைத்தாளில் எழுதுபவர் இவற்றில் பாதியையாவது விட்டுவிடுவார். சிந்திக்க வைப்பதில் இந்தச் சேவைகள் மெய்யாகவே உதவுகின்றன.

சிக்கல் அச்சுப்பொறியில் தொடங்குகிறது. 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணை உயிலை அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆதார் வழி மின்கையெழுத்து எத்தனையோ ஒப்பந்தங்களுக்குச் செல்லும், உயிலுக்குச் செல்லாது. திரையில் இருக்கும் வரை அது வரைவு மட்டுமே.

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்பது இதுதான்: எழுதியவர் கையொப்பமோ கைரேகையோ இட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள், அவர் கையெழுத்திடுவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்து' என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு சாட்சிகள் ஒவ்வொருவரும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? அப்பா இரவு தனியாகக் கையெழுத்துப் போடுகிறார். மறுநாள் காலை மகன் அந்தத் தாளை எடுத்துப்போய் பக்கத்து வீட்டுக்காரரிடமும் நண்பரிடமும் 'இங்கே ஒரு கையெழுத்து' என்று வாங்கிவருகிறான். பல ஆண்டுகள் கழித்து வழக்கு வந்து, கூண்டில் ஏறிய சாட்சி 'அவர் போட்டதை நான் பார்க்கவில்லை, என்னிடம் எதுவும் சொல்லவும் இல்லை' என்றால் அந்த உயில் பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடும். சாட்சிகளில் ஒருவர் உயிரோடும் வரக்கூடிய நிலையிலும் இருந்தால் அவரையாவது விசாரித்துத்தான் உயிலை நிரூபிக்க முடியும். பழைய சாட்சியச் சட்டம் சொன்னதை 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் சொல்கிறது. அதனால் எழுதுபவரைவிட வயதில் இளையவராக, தேடினால் கிடைப்பவராகச் சாட்சியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சாட்சிக்குப் பெயர், கையெழுத்து என்று இரண்டு கோடு மட்டும் விட்டு, முகவரிக்கு இடமே விடாத படிவத்தை நான் ஏற்கமாட்டேன்.

பக்க அமைப்பும் சின்ன விஷயமில்லை. மென்பொருள் தானாகப் பக்கம் பிரிக்கும்போது கையெழுத்துப் பகுதி மட்டும் தனியே கடைசித் தாளுக்குப் போய்விடுவதுண்டு. முன்பக்கங்களை யாராவது மாற்றி வைத்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வாதாட அந்த ஒரு தாளே போதும். சந்தேகத்துக்குரிய சூழ்நிலை இருந்தால் அதை விலக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருக்கே என்று 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் வழிகாட்டி. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. இருந்தாலும் போடுங்கள். 'பக்கம் 3, மொத்தம் 5' என்ற எண்ணும், கடைசித் தாளில் கையெழுத்துக்கு மேல் உயிலின் சில வரிகளும் இருக்கட்டும். சர்வே எண் தவறாக இருந்தால் பேனாவால் திருத்தாமல், கோப்பைத் திருத்தி மறுபடி அச்செடுங்கள். கையெழுத்தான பிறகு செய்யும் திருத்தம், அதன் அருகே எழுதியவரும் சாட்சிகளும் மீண்டும் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்கிறது இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 71ஆம் பிரிவு.

என்னை அதிகம் உறுத்துவது மொழி. ஆங்கிலப் படிவத்தில் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த ஒரு தாய் கையெழுத்திடுகிறார் என்றால், உள்ளே இருப்பது அவருக்குத் தெரியுமா என்பதே நீதிமன்றத்தின் முதல் கேள்வியாக இருக்கும். தமிழிலேயே எழுதுவது உத்தமம். முடியாவிட்டால் தமிழில் வாசித்து விளக்கப்பட்டது என்ற வாசகத்தைச் சேர்த்து, மெய்யாகவே வாசித்தும் காட்ட வேண்டும். அதையும் அச்செடுத்த தாளிலிருந்தே வாசிக்க வேண்டும். ஜெராக்ஸ் கடைக் கணினியில் வேர்டு கோப்பைத் திறந்தால் எழுத்துரு மாறித் தமிழ் சிதைவதும், பக்கங்கள் இடம்பெயர்வதும் வழக்கம். எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் கொண்டுபோவதே சரி. வேலை முடிந்ததும் அந்தக் கணினியிலிருந்து கோப்பை அழிக்கச் சொல்லவும் வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே அச்சு என்பதும் பெருங்குறை. கிறிஸ்தவர் ஒருவர் எழுதும் உயிலில் சாட்சியாகக் கையெழுத்திட்டவருக்கோ அவருடைய துணைக்கோ அதே உயிலில் கொடுத்த சொத்து அதே சட்டத்தின் 67ஆம் பிரிவின்படி செல்லாது. அந்தப் பிரிவு இந்துக்களுக்குப் பொருந்தாது, என்றாலும் பயனாளியே சாட்சியானால் சந்தேகம் எழும். முஸ்லிம்களுக்கு 63ஆம் பிரிவே பொருந்தாது. மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதவும் முடியாது. மதத்தைக் கேட்காத படிவம் இவர்களில் யாரையாவது தவறான வழியில் அனுப்பிவிடும். உயிலோடு பவர் பத்திரமும், உயிர்காப்புச் சிகிச்சை குறித்த முன்விருப்ப ஆவணமும் சேர்த்து விற்கப்படும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. பவர் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணம் உண்டு, எழுதியவர் இறந்ததும் அது காலாவதியாகிவிடும். முன்விருப்ப ஆவணத்துக்கு, உச்ச நீதிமன்றம் 2023இல் எளிதாக்கிய நடைமுறையின்படி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் சான்றும் தேவை. மூன்றையும் ஒரே மாதிரிக் கையெழுத்துப் பக்கத்தோடு அச்சிட்டுத் தந்தால் வாங்குபவருக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

முத்திரைத்தாள் உயிலுக்குத் தேவையில்லை. பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவைப்பதையே நான் பரிந்துரைப்பேன். மூலத்தாள் தொலைந்தாலும் பதிவேட்டில் நகல் இருக்கும். எழுதியவர் நேரில் வந்தார் என்பதற்கும் ஓர் ஆதாரம் கிடைக்கும். ஆனால் பதிவு செய்ததால் சாட்சி விசாரணை தேவையில்லாமல் போய்விடாது.

சாட்சிகளின் பெயர், வயது, முகவரியை முன்கூட்டியே கேட்டு வாங்கிய பிறகே இந்தச் சேவைகள் கோப்பைத் தர வேண்டும். கையெழுத்து நாளில் யார் முதலில், யார் பிறகு, எந்தப் பக்கத்தில், எந்த இடத்தில் என்று எளிய தமிழில் ஒரு தனித்தாளையும் அதோடு அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். கட்டணம் வாங்குபவர்களுக்கு இது பெரிய செலவில்லை. மூலத்தாள் எந்த பீரோவில் இருக்கிறது என்று நிறைவேற்றுநரிடம் சொல்லிவைக்கும்படி அந்தத் தாளின் கடைசி வரி நினைவூட்டட்டும்.